கம்பெனிக்கு முதல் டாஷ்போர்டு: எண்ணில் தொடங்கி திரை வரை

முதன்முதலாக டாஷ்போர்டு, அதாவது தொழிலின் முக்கிய எண்களை ஒரே பார்வையில் காட்டும் திரை, செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் உடனே பவர் பிஐ, டேப்லோ போன்ற டாஷ்போர்டு மென்பொருளைத் திறந்து, கையில் கிடைத்த எக்செல் கோப்பை ஏற்றி, சார்ட்டுகளை இழுத்துப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மாலைக்குள் கலர் கலராக ஒரு திரை வந்துவிடும். மீட்டிங்கில் நல்ல பெயரும் கிடைக்கும். அப்புறம் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவர், "எங்கள் புத்தகத்தில் போன மாத விற்பனை இது இல்லையே" என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தத் திரையை மறுபடி யாரும் திறக்க மாட்டார்கள்.

வரைவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. எளிதான பகுதியும் அதுதான். எந்த எண், அந்த எண்ணில் எது சேரும், எது சேராது என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைப்பதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகும். அதனால் இந்தக் கட்டுரையில் சார்ட் பேச்சு வருவதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

படி 1: யாருக்கு, எதற்கு

எம்.டி., சேல்ஸ் மேனேஜர், கிடங்கு சூப்பர்வைசர் மூவருக்கும் வேண்டியதை ஒரே திரையில் திணிக்காதீர்கள். எம்.டி. வாரம் ஒருமுறை பார்ப்பார். லாப விகிதமும் கையிருப்புப் பணமும் அவர் கவலை. சேல்ஸ் மேனேஜர் தினமும் காலையில் பார்ப்பார். எந்த ஆர்டர் இழுபறியில் இருக்கிறது என்பது அவர் கவலை. கிடங்கில் இருப்பவருக்கோ, இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டியதில் எத்தனை இன்னும் பேக் ஆகவில்லை என்பது மணிக்கு மணி தெரிய வேண்டும். மூன்று பேருக்கு மூன்று திரை. முதல் முயற்சிக்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் "என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார். வேறு மாதிரி கேளுங்கள்: "இந்த எண் இந்த வாரம் பாதியாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். நாளைக் காலை யாருக்கு ஃபோன் செய்வீர்கள்?" பதில் சட்டென்று வந்தால் அந்த எண்ணுக்குத் திரையில் இடம் உண்டு. "தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே" என்று இழுத்தால், அதை மாத அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். இப்போது அவர் எதைப் பார்த்து வேலையை ஓட்டுகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். யாரோ தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பும் நாலு வரியாக இருக்கலாம்; மேசை டிராயரில் இருக்கும் நோட்டாக இருக்கலாம். அந்த நாலு வரி உங்கள் திரையில் இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் அவர் வாட்ஸ்அப்புக்கே திரும்பிப் போய்விடுவார்.

படி 2: எண்களைப் பொறுக்குவது

ஐந்திலிருந்து எட்டு எண்கள். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை என்பது என் கருத்து. இது விதி ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்பதாவது எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், "எதை எடுத்துவிடலாம்?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பொறுக்கும்போது பணக் கணக்கிலேயே நின்றுவிடுவது இயல்பு. ராபர்ட் கப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992ல் முன்வைத்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு முறை இதற்காகத்தான் வந்தது. நிதி, வாடிக்கையாளர், உள்வேலைகள், கற்றலும் வளர்ச்சியும் என்று நாலு பக்கமும் பார் என்கிறது அது. அதை அப்படியே நடைமுறைப்படுத்தத் தேவையில்லை. தேர்ந்தெடுத்த எண்களை இந்த நாலு தலைப்பின்கீழ் எழுதிப் பார்த்தால் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். சரிபார்க்க அது போதும்.

இன்னொரு பிரிவும் முக்கியம். மாத விற்பனை, நிகர லாபம் போன்றவை நடந்து முடிந்ததைச் சொல்பவை. அவை சிவப்பாகும்போது கையை மீறியிருக்கும். முடிவுக்காகக் காத்திருக்கும் கொட்டேஷன்களின் மதிப்பு, கையில் இருக்கும் ஆர்டர்கள், 60 நாள் தாண்டிய பாக்கி ஆகியவை வரப்போவதை முன்கூட்டிச் சொல்பவை. இரண்டு வகையும் கலந்திருக்கட்டும்.

ஒரு எண்ணைத் திரையில் ஏற்றியதும் ஆட்கள் அந்த எண்ணுக்காக வேலை செய்யத் தொடங்குவார்கள். ஓர் அளவைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்ததும் அது நம்பத்தக்க அளவாக இருக்காது என்ற பொருளில், பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975ல் சொன்னது இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கால் சென்டரில் 'ஒரு அழைப்புக்கு ஆகும் நேரம்' என்று வைத்துப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, அழைப்பு சீக்கிரம் துண்டிக்கப்படும். அதனால் இப்படிப்பட்ட எண்ணுக்கு ஒரு ஜோடி போடுங்கள். அழைப்பு நேரத்தோடு, 'அதே பிரச்சினைக்கு ஒரு வாரத்துக்குள் மறுபடி அழைத்தவர்கள்'. உற்பத்தி அளவோடு, திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு.

படி 3: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

'விற்பனை' என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். மாதம் 28ஆம் தேதி ஆர்டர் வந்தது. அடுத்த மாதம் 3ஆம் தேதி பில் போட்டார்கள். பணம் இன்னும் 45 நாள் கழித்து வந்தது. நடுவில் கொஞ்சம் சரக்கு திரும்பி வந்தது. இது எந்த மாத விற்பனை? சேல்ஸ் பிரிவு 28ஆம் தேதி என்னும். அக்கவுண்ட்ஸ் 3ஆம் தேதி என்னும். கல்லாவைப் பார்ப்பவருக்குப் பணம் வந்த நாள்தான் கணக்கு. வரியைச் சேர்ப்பதா? திரும்பிய சரக்கை விற்ற மாதத்தில் கழிப்பதா, திரும்பி வந்த மாதத்திலா? ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் வேலைக்குச் சரியே. நீங்களாக ஒன்றை முடிவு செய்து திரையில் போட்டால்தான் சண்டை. சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்து, 'ஆர்டர் மதிப்பு', 'பில் மதிப்பு', 'வசூல்' என்று மூன்று பெயர் கொடுத்து, எந்தத் திரையில் எது வரும் என்று எழுதி வாங்குங்கள். வெறும் 'விற்பனை' என்ற தலைப்பு எந்தப் பெட்டியிலும் வரக் கூடாது.

இன்னும் நெருங்கிப் பார்க்க, 'சொன்ன தேதியில் டெலிவரி' என்ற எண்ணுக்கான தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டுகிறேன்.

எதற்காக: வாடிக்கையாளரிடம் கொடுத்த வாக்கை எவ்வளவு காப்பாற்றுகிறோம்.
கீழ் எண் (வகுக்கும் எண்): இந்த மாதத்துக்குள் வருவதாக வாக்குக் கொடுத்த ஆர்டர்கள் எல்லாம்.
மேல் எண் (வகுபடும் எண்): அவற்றில், சொன்ன தேதிக்குள் முழுமையாகப் போய்ச் சேர்ந்தவை.
எந்தத் தேதி: முதலில் சொன்ன தேதி. பின்னால் மாற்றியது கணக்கில் வராது.
விலக்கு: வாடிக்கையாளரே தள்ளிப் போடச் சொன்னவை, ரத்தானவை.
எங்கிருந்து: ஆர்டர் அட்டவணை, டெலிவரி சலான்.
பொறுப்பு: லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர்.
இலக்கு, எப்போது புதுப்பிப்பது: தனியே குறித்தது.

கீழ் எண்ணைக் கவனியுங்கள். 'இந்த மாதம் டெலிவரி ஆனவை' என்று வைத்திருந்தால், இன்னும் போகாமலே கிடக்கும் ஆர்டர்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். நிலைமை மோசமாக மோசமாக எண் நன்றாகத் தெரியும். அடுத்தது தேதி. 10ஆம் தேதி என்று சொன்னதை யாரோ கணினியில் 14 என்று மாற்றினார்கள், சரக்கு 13ஆம் தேதி போனது. மாற்றிய தேதிப்படி ஒரு நாள் முன்கூட்டியே போயிருக்கிறது! பல மென்பொருள்களில் பழைய தேதியின் மேலேயே புதுத் தேதி எழுதப்பட்டுவிடும். அப்படியென்றால் முதல் தேதியைத் தனியாகச் சேமிக்கும் ஏற்பாட்டை இன்றே செய்யுங்கள். இந்த எண் சில மாதம் கழித்துத் திரைக்கு வரட்டும்.

படி 4: டேட்டாவைச் சரிசெய்வது

மூல டேட்டா ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு என்று இருக்க வேண்டும்: ஒரு பில்லின் ஒரு பொருள், ஒரு வரிசை. ஜனவரி, பிப்ரவரி என்று மாதங்களைப் பக்கவாட்டில் பரப்பி, செல்களை மெர்ஜ் செய்து, நடுநடுவே மொத்தம் போட்ட எக்செல் தாள் மனிதர் படிக்க நல்லது. டாஷ்போர்டு மென்பொருள் அதைப் பார்த்துத் திணறும். நடந்தவற்றுக்கு ஓர் அட்டவணை, வாடிக்கையாளர், பொருள், கிளை, தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணை என்று பிரித்து இணைப்பதை ஸ்டார் ஸ்கீமா என்பார்கள். பவர் பிஐயில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஃபில்டர்கள் ஏன் விசித்திரமாக நடந்துகொள்கின்றன என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று விதமாகத் தட்டச்சாகியிருப்பது, தேதிக் கட்டத்தில் எழுத்து கிடப்பது, நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது ஆகியவை எல்லா இடத்திலும் உண்டு. முடிந்த அளவுக்கு மூலத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் ஒட்டுப் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒட்டுப் போட வேண்டிவரும்.

ஒரு சார்ட் போடுவதற்கு முன், கணக்கு முடித்த ஒரு பழைய மாதத்தை எடுத்து, உங்கள் மொத்தத்தை அக்கவுண்ட்ஸ் புத்தகத்தின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் காரணத்தை வரிசை வரிசையாகத் தேடி எழுதி வையுங்கள். "நம் திரையில் வரி இல்லை, அவர்கள் கணக்கில் இருக்கிறது, வித்தியாசம் முழுவதும் அதுதான்" என்று சொல்ல முடிந்தால் போதும். "ஏறக்குறைய ஒத்துப்போகிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

"ரியல் டைமில் வேண்டும்" என்று யாராவது கேட்பார்கள், நிச்சயம். படி 1க்குத் திரும்புங்கள்: அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை முடிவெடுக்கிறார்? வாரம் ஒருமுறை பார்க்கும் எண் தினம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாலே அதிகம்.

படி 5: கணக்கில் கால் வைக்கும் பள்ளங்கள்

சராசரிகளின் சராசரியை எடுக்காதீர்கள். முதல் கிளையில் 1000 ஆர்டரில் 900 சரியான நேரத்தில் போனது: 90 சதவீதம். இரண்டாவது கிளையில் 20ல் 10: 50 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 70 சதவீதம். உண்மையில் 1020ல் 910, அதாவது 89.2 சதவீதம். விகிதத்தைச் சேமித்து வைத்து அதைக் கூட்டுவதுதான் இந்தத் தவற்றின் வேர். மேல் எண், கீழ் எண் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் வகுக்கும்படி ஃபார்முலா எழுதுங்கள்.

அடுத்தது கலவை மாறுவது. ஒரு பொருளின் மொத்த லாப விகிதம் 40லிருந்து 41 சதவீதமாக ஏறியது. இன்னொன்று 20லிருந்து 21. இரண்டும் ஏறியிருக்கின்றன. ஆனால் விற்பனையில் முதல் பொருளின் பங்கு 70 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கிவிட்டால், கம்பெனி முழுவதற்குமான லாப விகிதம் 34லிருந்து 29 சதவீதமாக விழும். தலைப்பு எண்ணை, அதாவது திரையில் பெரிதாகத் தெரியும் கம்பெனி முழுவதற்குமான எண்ணை, மட்டும் பார்ப்பவர் தொழிற்சாலையில் செலவு கூடிவிட்டது என்று நினைத்து அங்கே போய்ச் சத்தம் போடுவார். அதனால்தான் ஒவ்வொரு தலைப்பு எண்ணுக்கும் கீழே, பொருள்வாரியாகவோ கிளைவாரியாகவோ பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

மற்றவை சின்னவை. 4 சதவீதம் 5 ஆனால் ஏற்றம் ஒரு சதவீதப் புள்ளி, அல்லது 25 சதவீதம். எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். பாதி ஓடியிருக்கும் இந்த மாதத்தைப் போன மாதம் முழுவதோடு ஒப்பிட்டால் எப்போதும் சரிவுதான் தெரியும். போன மாதத்தின் அதே தேதி வரை என்று ஒப்பிடுங்கள். நாள் கணக்கில் பார்க்கும்போது விடுமுறை நாள்களின் மேடுபள்ளத்தைச் சமன்செய்ய 7 நாள் நகரும் சராசரி (ஒவ்வொரு நாளும் கடைசி 7 நாளின் சராசரி) நன்றாக உதவும்.

படி 6: முதலில் காகிதத்தில்

ஒரு ஏ4 தாளைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கட்டம் போடுங்கள். தமிழோ ஆங்கிலமோ, இடமிருந்து வலமாகப் படிப்பவரின் கண் மேல் இடது மூலைக்குத்தான் முதலில் போகும். மிக முக்கியமான எண் அங்கே. மேல் வரிசையில் தலைப்பு எண்கள், நடுவில் அவை காலப்போக்கில் நகர்ந்த விதம், கீழே பிரிவுவாரி விவரம். கம்பெனி லோகோவைப் பெரிதாகப் போட ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், பார்க்கப் போகிறவரிடம் கற்பனை எண்களோடு காட்டுங்கள். காகிதத்தில் இருப்பதைத் திருத்தச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. முடிந்த திரையைக் காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

தனியாக நிற்கும் எண்ணுக்குப் பொருளில்லை. 'வசூல் 82 லட்சம்' என்றால் நல்லதா கெட்டதா? பக்கத்தில் இலக்கையும் போன ஆண்டு இதே காலத்தின் எண்ணையும் வையுங்கள். கூடவே கடந்த 12 மாதத்தின் சின்னஞ்சிறு கோடு ஒன்று இருந்தால், ஒரு விரல் அகலத்தில் கதை தெரிந்துவிடும்.

இப்போது சார்ட். 1984ல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் செய்த ஆய்வில், ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இடத்தை ஒப்பிடுவதில் மனிதக் கண் மிகத் துல்லியம், நீளத்தில் அதற்கு அடுத்தபடி, கோணத்திலும் பரப்பிலும் சுமார் என்று தெரிந்தது. நடைமுறையில் இதன் அர்த்தம்: ஒப்பிட வேண்டுமா, பார் சார்ட், காலத்தோடு நகர்வதா, லைன் சார்ட். டாஷ்போர்டில் வரும் தேவைகளில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே அடங்கிவிடும். பை சார்ட் இரண்டு மூன்று துண்டுகளுக்குப் பரவாயில்லை. எட்டுத் துண்டு என்றால் பார் சார்ட்டாக மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பார் சார்ட்டின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் 2 சதவீத வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். முள் நகரும் மீட்டர் வடிவத்தின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. காரில் நொடிக்கு நொடி வேகம் மாறுகிறது, அங்கே அது சரி. மாதம் ஒருமுறை மாறும் எண்ணுக்கு அத்தனை பெரிய அரைவட்டம் வீண் இடம்.

நிறத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். எல்லாமே சாம்பலிலும் நீலத்திலும் இருக்க, கவனிக்க வேண்டியது மட்டும் சிவப்பில் இருந்தால் கண் தானாக அங்கே போகும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நிறம் காண்பதில் இந்தக் குறை உண்டு. அதனால் நிறத்தோடு ஓர் அம்புக்குறியோ சொல்லோ சேர்த்துவிடுங்கள். எண்களைச் சுருக்குங்கள்: 82,37,416.50 என்பதற்குப் பதில் 82.4 லட்சம்.

படி 7: எப்போது சிவப்பு?

போன வாரத்தைவிடக் குறைந்தால் சிவப்பு, கூடினால் பச்சை என்று வைத்தால் திரை வாரா வாரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்கள் ஒன்றுமில்லாததற்குக் காரணம் சொல்லியே களைத்துப் போவார்கள். இதற்குத் தீர்வு நூறு ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1924ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் வரைந்த கண்ட்ரோல் சார்ட், வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டுக் காட்டுவது. அதன் எளிய வடிவத்தை எக்செலிலேயே போடலாம்.

வாராந்தரப் புகார்கள் இப்படி என்று வையுங்கள்: 42, 47, 39, 45, 41, 48, 44, 38, 46, 40. சராசரி 43. அடுத்தடுத்த வாரங்களின் வித்தியாசம் 5, 8, 6, 4, 7, 4, 6, 8, 6. இவற்றின் சராசரி 6. இந்த 6ஐ 2.66ஆல் (இந்த முறையில் எப்போதும் பயன்படுத்தும் மாறா எண்) பெருக்கினால் ஏறக்குறைய 16. ஆக 43க்கு மேலும் கீழும் 16, அதாவது 27க்கும் 59க்கும் இடையே எது வந்தாலும் வழக்கமான ஏற்ற இறக்கம். அடுத்த வாரம் 51 வந்தால் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லை. 62 வந்தால் உடனே கூப்பிடுங்கள். தொடர்ந்து எட்டு வாரம் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம், எல்லைக்குள் இருந்தாலும்கூட.

படி 8: கருவி

ஏற்கெனவே ஆபீசில் மைக்ரோசாஃப்ட் இருந்தால் பவர் பிஐ. எல்லாம் கூகுள் ஷீட்டில் இருந்தால் லுக்கர் ஸ்டூடியோ. எஸ்கியூஎல் (டேட்டாபேஸிலிருந்து டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழி) தெரிந்த ஒருவர் இருந்தால் ஓப்பன் சோர்ஸில் மெட்டாபேஸ் அல்லது சூப்பர்செட். முதல் மாதம் எக்செலிலேயே ஓட்டிப் பார்ப்பதிலும் தப்பில்லை. எண்ணின் தாள்கள் சரியாக இருந்தால் கருவியைப் பின்னால் மாற்றுவது பெரிய விஷயமில்லை.

படி 9: கையில் கொடுத்த பிறகு

திரையின் ஓரத்தில் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று தேதியும் நேரமும், சந்தேகம் கேட்க ஒருவர் பெயரும் இருக்கட்டும். புதுப்பிப்பு நின்றுபோனால் அவருக்குத் தானாக மெயில் போகும்படி வையுங்கள். மூன்று நாள் பழைய எண்ணை வைத்து மீட்டிங் நடப்பதைத் தடுக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்ணின் தாளுக்கு ஒரு லிங்க். யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கிளை மேனேஜர் தன் கிளையை மட்டும் பார்ப்பது, சம்பளம் சம்பந்தப்பட்ட எதுவும் பொதுத் திரையில் வராமல் இருப்பது போன்றவை.

வாராந்தர மீட்டிங்கில் இந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். தனியாக பவர்பாயின்ட் போடும் வழக்கம் தொடர்ந்தால் இரண்டு எண்கள் உலவ ஆரம்பிக்கும், மறுபடி பழைய சண்டை. மூன்று மாதம் ஆனதும், யார் எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கை மென்பொருளிலிருந்து எடுங்கள். யாரும் தொடாத பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்து பாருங்கள். "அது எங்கே போச்சு?" என்று ஒருவராவது கேட்டால் திருப்பி வையுங்கள். யாரும் கேட்காவிட்டால், அந்த இடத்தைக் காலியாகவே விடலாம்.